86-க்கு ஸ்பேசரா, புது ரிம்மா, கேம்பரா?

போன மாதம் தம்பி ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். அவனுடைய டொயோட்டா 86, அந்த இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார், பின்பக்கத்திலிருந்து எடுத்தது. டயர், மட்கார்டு விளிம்பிலிருந்து ஒரு விரல்கடை உள்ளே ஒதுங்கி நிற்கிறது. கூடவே கேள்வி: "அண்ணே, சக்கரம் உள்ள போய் ஒளிஞ்சிக்கிட்ட மாதிரி இருக்கு. 15 மில்லி ஸ்பேசர் போட்டா ஹேண்ட்லிங்கும் நல்லா ஆகும்னு சொல்றாங்க. போடவா?"

"ஹேண்ட்லிங்கும்" என்றானே, அந்த "உம்"மில்தான் எல்லாம் இருக்கிறது. அவனுக்கு முதலில் வேண்டியது தோற்றம். ஹேண்ட்லிங் என்பது வீட்டில் சொல்லிக்கொள்ள ஒரு காரணம். அதில் தப்பில்லை, நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆனால் வருடத்துக்கு இரண்டு தடவை மலேசியாவின் செப்பாங் பந்தயத் தளத்தில் ஓட்டுகிறவன் அவன். அதனால் இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டு முடிவெடு என்று சொன்னேன். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

ஸ்பேசர் என்பது ஹப்புக்கும் (சக்கரத்தை மாட்டும் சுழலும் நடுப்பகுதி) ரிம்முக்கும் நடுவே வைக்கிற அலுமினியத் தட்டு. 15 மி.மீ. தட்டு வைத்தால் அந்தச் சக்கரம் 15 மி.மீ. வெளியே வரும். இரு பக்கமும் வைத்தால் ட்ராக் 30 மி.மீ. கூடும். ட்ராக் என்று இங்கே சொல்வது பந்தயத் தளத்தை அல்ல, இடது வலது டயர்களின் நடுக்கோடுகளுக்கு இடையிலான தூரத்தை. 86-இல் அது முன்னே 1520 மி.மீ., பின்னே 1540 மி.மீ.

அகலக்கால் வைக்காதே என்று பெரியவர்கள் சொன்னது கடனுக்கு. காருக்கு அகலக்கால் நல்லதுதான். 1998-இல் ஃபார்முலா 1 கார்களின் வேகத்தைக் குறைக்க நினைத்தபோது மொத்த அகலத்தை 2000 மி.மீ.யிலிருந்து 1800 ஆக்கினார்கள். 2017-இல் வேகம் வேண்டும் என்றதும் மறுபடி 2000. அகலத்துக்கு மதிப்பு உண்டு என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே பேசியது 200 மி.மீ. நாம் பேசுவது 30.

30 மி.மீ. என்ன தரும்?

வளைவில் போகும்போது உள்பக்க டயர்களின் மேலிருந்த எடையில் ஒரு பங்கு வெளிப்பக்க டயர்களுக்கு மாறுகிறது. எவ்வளவு அதிகமாக மாறுகிறதோ அவ்வளவு மொத்தப் பிடி குறையும். ஏனென்றால் டயர் மேல் எடை இரண்டு மடங்கானால் அதன் பிடி இரண்டு மடங்காவதில்லை. மாறும் எடைக்குக் கணக்கு எளிது: காரின் எடையைப் பக்கவாட்டு வேகமாற்றத்தால் பெருக்கி, அதைப் புவியீர்ப்பு மையத்தின் உயரத்தால் பெருக்கி, ட்ராக்கால் வகுக்க வேண்டும்.

ஓட்டுநரோடு 1320 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 86-இன் புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து சுமார் 46 செ.மீ. ட்ராக் சராசரி 1.53 மீட்டர். நல்ல டயரில் 1 ஜி அளவுக்கு, அதாவது காரின் எடைக்குச் சமமான பக்கவாட்டு விசையோடு வளைந்தால் உள்ளிருந்து வெளியே மாறுவது சுமார் 397 கிலோ. நான்கு சக்கரத்திலும் 15 மி.மீ. ஸ்பேசர் போட்டால் 389 கிலோ.

எட்டு கிலோ மிச்சம். அதை முன்னும் பின்னும் பங்கிட்டால் டயருக்கு நான்கு கிலோ. 10 கிலோ அரிசிப் பையில் பாதிகூட இல்லை. ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தால், ஒரு நாள் காலைக்கும் மதியத்துக்கும் தரைச் சூடு மாறுவதில் வருகிற வித்தியாசத்துக்குள் இது காணாமல் போய்விடும்.

இதே பலன் புவியீர்ப்பு மையத்தை ஒரு செ.மீ. தாழ்த்தினாலே கிடைக்கும், சொல்லப்போனால் கொஞ்சம் கூடவே. அதற்காக ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தச் சொல்லவில்லை. 86-இன் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக நிற்கிற வகை. அளவுக்கு மீறித் தாழ்த்தினால் கீழ் ஆர்ம் கிடைமட்டத்தைத் தாண்டி மேல்நோக்கிச் சாய்ந்து, கார் சாயும்போது டயருக்குக் கிடைக்க வேண்டிய கேம்பரும் (சக்கரம் செங்குத்திலிருந்து உள்ளே சாயும் கோணம்) போய்விடும். எது எவ்வளவு தரும் என்பதற்கு ஒரு அளவுகோலாகத்தான் சொன்னேன்.

இன்னொரு நம்பிக்கையும் உண்டு: "முன்னால மட்டும் ஸ்பேசர் போட்டா அண்டர்ஸ்டியர் குறையும்." அண்டர்ஸ்டியர் என்றால் ஸ்டியரிங்கைத் திருப்பியும் முன்பக்கம் போதுமான அளவு திரும்பாமல் போவது. நானும் பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். பேப்பரில் போட்டுப் பார்த்தபோதுதான் சிரிப்பு வந்தது. முன் ட்ராக் 2 சதவீதம் கூடினால், அதே ஸ்பிரிங்குகள் சாய்வை எதிர்க்கிற பலம் அந்தப் பக்கம் சுமார் 4 சதவீதம் கூடுகிறது. அதனால் முன்பக்கம் சாய்வின் பெரும்பங்கைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறது. அகலத்தால் வந்த லாபம் அந்தப் பங்கிலேயே கரைந்து, முன் டயர்களில் மாறும் எடை ஏறக்குறைய பழையபடியே இருக்கிறது. பலன் அடைவது பின் டயர்கள். முன்பக்கம் திரும்பவில்லை என்று போட்ட ஸ்பேசர் பின்பக்கத்துக்குப் பிடி கொடுக்கிறது, அதுவும் 2 சதவீதம். முன்னால் ஸ்பேசர் போட்டவர்கள் "ஸ்டியரிங் மாறிடுச்சு" என்று சொல்வது பொய்யல்ல. ஆனால் அவர்கள் கையில் உணர்வது பிடியை அல்ல, வேறு ஒன்றை.

அந்த வேறொன்று ஸ்க்ரப் ரேடியஸ். சக்கரம் எந்தக் கோட்டைச் சுற்றித் திரும்புகிறதோ அந்தக் கோட்டைத் தரைவரை நீட்டுங்கள். அது தரையைத் தொடும் இடத்துக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரம்தான் அது. பொறியாளர்கள் அதைச் சில மில்லிமீட்டர் கணக்கில் பார்த்து வைத்திருப்பார்கள். 15 மி.மீ. தட்டு அதில் முழுசாக 15 மி.மீ. மாற்றுகிறது. ட்ராக்கில் 2 சதவீதமாக இருக்கிற அதே தட்டு, இங்கே பெரிய பங்கு. பார்க்கிங்கில் ஸ்டியரிங் கனக்கும். தார் ரோட்டில் லாரிகள் போட்ட பள்ளக் கோடு எங்கே போகிறதோ அங்கே மூக்கு இழுக்கும். ஒரு பக்கம் ஈரம், ஒரு பக்கம் காய்ந்த தரையில் பிரேக் அடித்தால் கை பதிலுக்கு இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். "ரோடு ஃபீல் கூடுது" என்று இதையே ரசிக்கிறவர்களும் உண்டு. எனக்கு அந்த ரசனை இல்லை.

தட்டா, ரிம்மா?

ரிம்மின் ஆஃப்செட் என்பது அதன் நடுக்கோட்டுக்கும் ஹப்பில் ஒட்டும் முகத்துக்கும் உள்ள தூரம், மி.மீ.யில்; எண் குறைந்தால் சக்கரம் வெளியே வரும். அது 48-ஆக இருந்து அதற்குப் பின்னால் 15 மி.மீ. ஸ்பேசர் வைத்தால், ஆஃப்செட் 33 உள்ள ரிம் மாட்டியதும் அதுவும் ஒன்றுதான். ஸ்க்ரப் ரேடியஸுக்கு வித்தியாசம் தெரியாது, பேரிங்குக்கும் தெரியாது. "ஸ்பேசர் பேரிங்கைத் தின்னும், ரிம் தின்னாது" என்று பட்டறைகளில் சொல்வது அரைகுறை உண்மை. இரண்டுமே சக்கரத்தின் பாரத்தைப் பேரிங்கின் நடுவிலிருந்து அதே அளவு வெளியே தள்ளுகின்றன. வித்தியாசம் வருவது இணைப்பில், எடையில், அகலத்தில்.

அகலத்தை முதலில் சொல்கிறேன், ரிம் ஜெயிப்பது அங்கேதான். 86-உடன் வந்த ரிம் 17 அங்குலம், 7 அங்குல அகலம், ஆஃப்செட் 48. இதற்குப் பதில் 8 அங்குல அகலத்தில் ஆஃப்செட் 40 உள்ள ரிம் மாட்டினால், வெளி விளிம்பு 20.7 மி.மீ. வெளியே வருகிறது. உள் விளிம்பு 4.7 மி.மீ. மட்டும் உள்ளே போகிறது. ஆக மட்கார்டை நிரப்பும் தோற்றம் 20 மி.மீ. ஸ்பேசருக்குச் சமம். ஆனால் ட்ராக் கூடுவது பக்கத்துக்கு 8 மி.மீ.தான், ஸ்க்ரப் ரேடியஸ் கெடுவதும் அவ்வளவுதான். கூடவே 225 மி.மீ. அகல டயர் நிம்மதியாக உட்கார ஓர் அங்குலம் கூடுதல் இடம். தம்பி கேட்ட தோற்றமும் கிடைக்கிறது, அவன் "உம்" போட்ட ஹேண்ட்லிங்கும் டயர் வழியாக நிஜமாகவே கிடைக்கிறது.

எடை: 15 மி.மீ. அலுமினியத் தட்டு ஒன்று அரை கிலோ வரும். நான்குக்கு இரண்டு கிலோ, அதுவும் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை. பெரிய பாவமில்லை. இலகுவான ரிம் வாங்கினால் இந்தக் கணக்கு எதிர்த்திசையில் ஓடும்.

விலைதான் ரிம்மின் எதிரி. நான்கு ரிம் விலையில் ஸ்பேசர் பல செட் வாங்கலாம். அதனால்தான் எல்லாரும் தட்டுக்குப் போகிறார்கள், நானும் போனேன்.

நான் பட்ட பாடு

என் பழைய காரில் பின்பக்கம் ஒரு ஜோடி மலிவுத் தட்டு போட்டுக் கொடுத்தார் ஒரு கடைக்காரர். "எல்லா காருக்கும் சேரும்" என்று பெட்டியிலேயே எழுதியிருந்தது. அப்போதே யோசித்திருக்க வேண்டும், எல்லா காலுக்கும் சேருகிற செருப்பு எங்கே இருக்கிறது? நெடுஞ்சாலையில் 90 வரை ஒன்றுமில்லை. 105-ஐத் தாண்டியதும் சீட்டுக்கு அடியில் கிறுகிறுவென்று ஒரு நடுக்கம். 120-இல் நின்றுவிடும், மறுபடி இறங்கும்போது வரும். பேலன்சிங் இரண்டு தடவை பார்த்தேன், வீல் சுத்தமாக இருந்தது.

கடைசியில் வீட்டு வாசலில் ஜாக்கி போட்டு வீலைக் கழற்றினேன். தட்டின் நடுத்துளைக்குள் என் சுண்டுவிரல் நுனி போனது. ஹப்பின் நடுவில் வளையமாக நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பைத் தட்டு கவ்விப் பிடிக்கவே இல்லை. ஐந்து ஸ்டட்டுகளை (நட்டு ஏறுகிற மரைக் கம்பிகள்) மட்டும் நம்பி ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்திருந்தது. ஸ்டட்டுகளில் இரண்டில் மரை ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. அன்றைக்கு வியர்த்தது வெயிலால் மட்டுமல்ல.

86-இன் ஹப் நடுத்துளை அளவு 56.1 மி.மீ. தட்டின் உள்பக்கத் துளை 56.1 இருக்க வேண்டும். வெளிப்பக்கம் தட்டுக்கே சொந்தமாக 56.1 விளிம்பு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இதைத்தான் ஹப் சென்ட்ரிக் என்கிறார்கள். இது இல்லாத தடித்த தட்டை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மெல்லிய தட்டுகளில் இதுதான் சிக்கல்: 3 அல்லது 5 மி.மீ. தட்டில் சொந்த விளிம்பு கடைவதற்கு இடம் போதாது, ஹப்பின் விளிம்பிலும் ஒரு பங்கை அது விழுங்கிவிடும்.

சக்கரத்தைத் தாங்குவது அந்த விளிம்பு என்று நினைத்துவிட வேண்டாம். அது நடுவுக்குக் கொண்டுவர மட்டும்தான். தாங்குவது இறுக்கம். 12 மி.மீ. ஸ்டட்டில் நட்டை 120 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கினால் அது ரிம்மை ஹப்போடு உத்தேசமாக ஐந்து டன் விசையில் அமுக்குகிறது. ஐந்து ஸ்டட்டுக்கு இருபத்தைந்து டன். அந்த அமுக்கத்தால் வரும் உராய்வுதான் பிரேக்கையும் வளைவையும் தாங்குகிறது. நடுவே ஒரு தட்டு வந்தால் ஒரு பரப்புக்குப் பதில் இரண்டு பரப்பு. ஒன்றில் துரு, பெயின்ட், மண் இருந்தால் போதும், ஓட ஓட அது நசுங்கி இறுக்கம் தளரும். வயர் பிரஷ்ஷால் ஹப் முகத்தைப் பளிச்சென்று தேய்த்த பிறகுதான் தட்டை வைக்க வேண்டும். பட்டறையில் இதற்குப் பொறுமை இருக்காது, நீங்கள் பக்கத்தில் நின்றால் செய்வார்கள்.

எத்தனை மி.மீ.க்கு எந்த வகை

5 மி.மீ. வரை வெறும் தட்டு. இதற்கு நியாயமான காரணம் ஒன்றே ஒன்று: பெரிய பிரேக் காலிபர் (டிஸ்க்கைக் கவ்வும் பகுதி) போட்டதும் ரிம்மின் கம்பி உரசுகிறது, அல்லது அகல டயர் காயில்ஓவரை (ஸ்பிரிங் சுற்றிய ஷாக் அப்சார்பர்) தொடுகிறது. நட்டை விரலால் பிடிக்கவைத்து, முழுதாக இறுகும்வரை எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். 86-இன் மரை இடைவெளி 1.25 மி.மீ. பத்துச் சுற்று வந்தால் ஸ்டட்டின் தடிமன் அளவுக்கு மரை பிடித்திருக்கிறது என்று அர்த்தம். ஆறு ஏழிலேயே நின்றுவிட்டால் தட்டைக் கழற்றிவிடுங்கள், அல்லது நீளமான ஸ்டட் ஏற்றுங்கள்.

10 முதல் 15 வரை ஒரு இரண்டுங்கெட்டான் பிராந்தியம். வெறும் தட்டுக்கு இது தடிமன் அதிகம், ஸ்டட் நீளம் போதாது. தனி ஸ்டட்டோடு வரும் தட்டுக்கு இது தடிமன் குறைவு. காரின் சொந்த ஸ்டட்டுகள் தட்டைத் தாண்டி வெளியே எட்டிப் பார்க்கும். ரிம்மின் பின்புறத்தில் அவற்றுக்குக் குழி இருந்தால்தான் வீல் சமமாக உட்காரும். குழி இல்லாத ரிம்மில் இதை மாட்டி இறுக்கினால், ஸ்டட் நுனிகளின் மேல் வீல் நிற்கும். நட்டு இறுகியது போலத்தான் தெரியும். தம்பி கேட்ட 15 சரியாக இங்கேதான் விழுகிறது. அவனுடைய வழி நீளமான ஸ்டட். ஹப்பைக் கழற்றிப் பழைய ஐந்தையும் தட்டி எடுத்து ஏற்ற வேண்டும், நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து இருபது ஸ்டட். அந்தக் கூலியையும் சேர்த்தால் மலிவு என்ற வாதம் மெல்ல ஆட்டம் காண்கிறது.

20-உம் அதற்கு மேலும் என்றால் தனி ஸ்டட் உள்ள தட்டுதான். தட்டு ஹப்போடு தன் நட்டுகளால் இறுகும், ரிம் தட்டோடு இறுகும். நல்ல அலுமினியத்தில் கடைந்தது என்றால் நம்பலாம், வார்ப்பில் செய்தது என்றால் வேண்டாம். உள்ளே ஒளிந்திருக்கும் அந்த ஐந்து நட்டுகளை வீலைக் கழற்றாமல் பார்க்க முடியாது என்பது ஒன்றுதான் என் கவலை. டயர் மாற்றும்போது கடைக்காரர் அவற்றைத் தொடமாட்டார், தொட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவும் தோன்றாது.

இரண்டு தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பதைப் பற்றி எழுதத் தேவையில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் கண்ணால் பார்த்துவிட்டேன். செய்யாதீர்கள்.

போர்ஷே, பி.எம்.டபிள்யூ. போன்றவற்றில் பல மாடல்களில் ஸ்டட்டுக்குப் பதில் போல்ட். அங்கே கணக்கு நேரடி: தட்டு எத்தனை மி.மீ.யோ போல்ட்டும் அத்தனை மி.மீ. நீளமாக இருக்க வேண்டும். ஜெர்மனியில் ஸ்பேசர் போட்டால் அதற்கான சான்றிதழோ பரிசோதனையோ இல்லாமல் ரோட்டில் ஓட்ட முடியாது. அங்கே விற்கும் தட்டுகள் தரமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நிஜமாகவே வேகம் வேண்டும் என்றால்

தம்பியிடம் ஒரு வேலை சொன்னேன். செப்பாங் போகும்போது ஒரு சாக்பீஸ் எடுத்துக்கொள். முன் டயரின் ஓரத்தில், தரைபடும் பகுதியிலிருந்து பக்கச் சுவர்வரை குறுக்கே ஒரு கோடு போடு. மூன்று சுற்று ஓட்டிவிட்டு வந்து பார். படம் அனுப்பினான்: பக்கச் சுவரில் இருக்கும் சின்ன முக்கோணக் குறியையும் தாண்டி, சாக்பீஸ் சுத்தமாக அழிந்திருந்தது. டயர் தன் தோளையே மடக்கி அதன்மேல் ஓடியிருக்கிறது. நடுப்பகுதியில் ரப்பர் புதுசாகவே இருக்கிறது.

86 கடையிலிருந்து வந்தபோதே முன் கேம்பர் ஏறக்குறைய பூஜ்யம். கார் சாயும்போது டயர் வெளிப்பக்கமாகக் கவிழ்கிறது. இதை ஸ்பேசர் துளிகூடச் சரிசெய்யாது. முன் ஸ்ட்ரட்டில் கேம்பர் போல்ட் போட்டு ஒன்றரை டிகிரி உள்பக்கம் சாய்த்தால் டயரின் முழு அகலமும் வேலை செய்யத் தொடங்கும். அந்த போல்ட்டும் அலைன்மென்ட் கூலியும் சேர்ந்தாலும் ஒரு நல்ல ஸ்பேசர் செட்டைவிட மலிவு. அதோடு டயர். 2012-இல் இந்த கார் வந்தபோது 215/45 ஆர்17 அளவில் மிஷ்லின் பிரைமஸி எச்.பி. போட்டுத்தான் பல நாடுகளில் விற்றார்கள், சொகுசுக் கார்களுக்கான டயர் அது. சறுக்கி விளையாட வேண்டும் என்றே அப்படி வைத்தார்கள். வேகம் வேண்டுமென்றால் முதல் செலவு அங்கே.

ஜிம்கானா ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு: கூம்புகளுக்கு நடுவே நெளியும்போது கார் எவ்வளவு அகலமோ அவ்வளவு தூரம் கூடுதலாக ஒதுங்க வேண்டும். அங்கே 30 மி.மீ. லாபமா நஷ்டமா என்றே எனக்குச் சந்தேகம்.

ஆக என் வரிசை இது. வேகத்துக்கு என்றால் டயர், கேம்பர், அப்புறம் 8 அங்குல ரிம். தோற்றத்துக்கும் வேகத்துக்கும் சேர்த்து என்றால் நேராக ரிம், காசு சேரும்வரை பொறு. காலிபர் உரசுகிறது என்றால் 5 மி.மீ. தட்டு, சுற்று எண்ணிப் பார்த்து. தோற்றம் மட்டும் போதும் என்றால் பின்பக்கம் மட்டும் 20 மி.மீ., தனி ஸ்டட் வகை, ஹப் சென்ட்ரிக். முன்பக்கத்தைத் தொடாதே, ஸ்டியரிங் இப்போது இருப்பதே இந்த காரின் சொத்து.

வாங்குவதற்கு முன் கொத்தனார் போல ஒரு நூலில் நட்டைக் கட்டி மட்கார்டு விளிம்பிலிருந்து தொங்கவிடுங்கள். டயரின் உப்பிய பக்கத்துக்கும் நூலுக்கும் எவ்வளவு இடைவெளி என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். இரண்டு பேரைப் பின் சீட்டில் திணித்து உட்காரவைத்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும். டயர் நூலைத் தாண்டினால் மழையில் சேறு கதவெல்லாம் தெறிக்கும், வேகத்தடையில் மட்கார்டு விளிம்பு ரப்பரைச் சீவும், வாகனச் சோதனையிலும் கேள்வி வரும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒரு வரி எழுதிப் போட்டுவிடுவது நல்லது.

ஏற்கனவே போட்டுவிட்டவர்கள் இந்த வார இறுதியில் ஒரு வீலைக் கழற்றிப் பாருங்கள். ஸ்டட் துளைகளைச் சுற்றிக் கறுப்புப் பொடி கோடு கோடாகப் படிந்திருந்தால் தட்டு அசைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். துடைத்து, ஹப்பைத் தேய்த்து, மரையில் கிரீஸ் படாமல் டார்க் ரெஞ்ச்சால் (வைத்த அளவு இறுகியதும் டிக் என்று சொல்லும் ஸ்பேனர்) நட்சத்திர வரிசையில் 120 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு, ஹப் ஆறிய நிலையில் இன்னொரு தடவை வையுங்கள். ஒரே ஒரு நட்டாவது டிக் என்பதற்கு முன் நகர்ந்தால், அந்த வீலை மறுபடி கழற்றித்தான் ஆக வேண்டும்.